பைண்டரும் பதினோராவது காற்றாலையும்

“ஒண்டும் தெரியேல்லையே, ஐயா.”

இதைச் சொன்னவர் கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த உதவிப் பணிப்பாளர். சொன்ன இடம் பேசாலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் மைதானம். மாலை ஏழு மணி. அவர் கண் வைத்திருந்த தொலைகாட்டிக்குள் அந்த நேரத்தில் சனிக்கிரகம் வளையத்தோடு நிற்க வேண்டும். நிறுத்தி வைப்பதாகப் பொறுப்பேற்றவன் நான். நில அளவையாளராக முப்பத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். தியோடலைட் என்னும் அளவைக் கருவிக்குள் பார்த்துப் பார்த்தே ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாகிப் போனவன். ஒரு குழாயை ஒரு பொருளை நோக்கித் திருப்புவதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று அன்று மாலை ஏழு மணி வரை நம்பியிருந்தேன்.

வீட்டு முற்றத்திலோ பள்ளிக்கூடத்திலோ தொலைகாட்டி வைக்க நினைக்கும் இளம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தொலைகாட்டி வாங்குவது எப்படி என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். அதன் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயை, அதாவது பைண்டரை, யாரும் கவனிப்பதில்லை. அது பிழையாக நின்றால் பெரிய குழாய் தண்ணீர்க் குழாய்க்குக்கூட உதவாது. தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

1. பெட்டியில் இல்லாத பொருள்

தொலைகாட்டியை அனுப்பியவர் அந்தப் பாடசாலையில் படித்து இப்போது நோர்வேயில் இருப்பவர். பெட்டி வந்த அன்று விழா நடந்தது. பெட்டிக்கு மாலை போட்டார்கள். அதிபர் ஒரு பக்கமும் பழைய மாணவர் சங்கம் மறுபக்கமும் நின்று படம் எடுத்து நோர்வேக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்கும் எண்ணம் மட்டும் எவருக்கும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அதைத் திறந்தவர் விஞ்ஞான ஆசிரியை ஸ்ரெல்லா. திறந்த அன்றே சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார்.

“சேர், குழாயில ஏதோ ஒண்டு குறையுது. மேல சின்னத் தாங்கி ஒண்டு இருக்கு. அதில பூட்டிற சாமானைக் காணேல்லை.”

“பைண்டர்,” என்றேன்.

“அது இல்லாட்டி?”

“இல்லாட்டி மாலை போட்டுப் படம் எடுக்கலாம்.”

“அது எடுத்தாச்சு சேர்.”

பைண்டர் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு அங்குலத் தொலைகாட்டியில் கண் வைக்கும் வில்லையை, அதாவது சாதாரண ஐபீஸை, போட்டுப் பார்த்தால் வானத்தில் இரண்டு நிலவு அகலமுள்ள ஒரு வட்டம்தான் தெரியும். உறிஞ்சு குழல் வழியாக ஆட்டுப் பட்டியில் ஒரு ஆட்டைத் தேடுவது போன்ற வேலை. பைண்டர் பக்கத்தில் பொருத்தும் சிறு தொலைகாட்டி. உருப்பெருக்கம் குறைவு, பார்க்கும் பரப்பு பெரிது. நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். தேடும் பொருளைப் பைண்டரின் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்தால், அதே பொருள் பெரிய குழாயின் நடுவிலும் நிற்க வேண்டும். இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்த்தால் மட்டும் இது நடக்கும். இந்த ஒரே நிபந்தனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

ரீச்சரின் கையில் ஒரு கடிதமும் இருந்தது. கந்தோரில் அந்தத் தொலைகாட்டியின் பெயர் இடாப்பில் ஏறிவிட்டது. பயன்பாட்டில் இல்லாத பெறுமதியான உபகரணங்களை மத்திய களஞ்சியத்தில் பாதுகாப்பாக வைக்கப்போகிறார்களாம். வருகிற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இயங்கினால் இருக்கும், இயங்காவிட்டால் போகும்.

அந்தக் களஞ்சியத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உலக உருண்டைகள் இருக்கின்றன. நுணுக்குக்காட்டிகள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. எல்லாம் மிகப் பாதுகாப்பாக இருக்கின்றன. உள்ளே போன பொருளுக்குப் பதிவு உண்டு. வெளியே வந்த பொருளுக்கு என்ன பதிவு என்று கேட்டபோது, அதற்கு இன்னும் புத்தகம் அச்சடிக்கவில்லை என்று களஞ்சியப் பொறுப்பாளரே சொன்னார்.

“நாலு வருசமா சனிக்கிரகம் எண்டு கரும்பலகையில வட்டம் கீறி, அதைச் சுத்தி இன்னொரு வட்டம் கீறிக் காட்டுறன் சேர்,” என்றார் ரீச்சர். “போன கிழமை ஒரு பிள்ளை கேட்டுது, ரீச்சர் நீங்கள் கண்டனீங்களோ எண்டு. இல்லை எண்டன். அப்ப எப்பிடித் தெரியும் எண்டு கேட்டுது. இது போச்செண்டால் நான் ஓய்வுபெறும்வரைக்கும் வட்டம்தான்.”

பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

2. மூன்று வகை, ஒரு குழு

எந்தப் பைண்டர் வாங்குவது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தேன். ஒரு பொருள் வாங்க ஒருவர் யோசித்தால் போதும் என்பது தனியார் துறையின் பலவீனம். தலைவர் நான். அங்கத்தவர்கள் ஸ்ரெல்லா ரீச்சரும் பெற்றோர் சங்கத் தலைவர் சூசையும். சூசை மீன்பிடிப்பவர். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறார். கூட்டத்துக்கு வலைகட்டும் ஊசியோடு வந்தார், கதிரையில் இருந்தபடியே ஏதோ பின்னினார். நான் மூன்று வகைகளையும் விளக்கினேன்.

முதலாவது, சிவப்புப் பொட்டு. குழாய் அல்ல, ஒரு சிறு கண்ணாடித் துண்டு. பார்த்தால் வானத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மிதப்பது போலத் தெரியும். உருப்பெருக்கம் இல்லை, வானம் நேராகவே தெரியும். பழகுவது சுலபம்.

“பொட்டு எதில எரியுது?” என்று சூசை கேட்டார்.

“சின்னப் பட்டரி.”

“அப்ப இரண்டு மாசம். இந்தக் காத்தில என்ர வள்ளத்து எஞ்சின் பட்டரியே பச்சை பிடிக்குது. பிள்ளையள் நிப்பாட்ட மறந்தால் இரண்டு நாள்.”

இரண்டாவது, நேர்ப் பைண்டர். ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், ஐம்பது மில்லிமீற்றர் வில்லை. நல்ல வெளிச்சம் வரும். மங்கலான நட்சத்திரமும் தெரியும். ஆனால் காட்சி தலைகீழாக இருக்கும், இடம் வலமாகும். மூன்றாவதும் அதே அளவுதான். அதற்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடி அரியம் ஒன்று இருக்கும், கண் வைக்கும் இடம் பக்கவாட்டில் வளைந்திருக்கும், காட்சி நேராகத் தெரியும். குனிந்து பார்க்கலாம், கழுத்து வலிக்காது. குறை என்னவென்றால், எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று உடம்புக்குத் தெரியாது. கிழக்கில் இருப்பதைப் பார்க்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ரீச்சர் மூன்றாவதைக் கேட்டார். நான் இரண்டாவதை விரும்பினேன். பழைய தியோடலைட்டில் நாங்கள் உலகத்தைத் தலைகீழாகத்தான் பார்த்தோம், இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன்.

“சேர், அது உங்கட தியோடலைட். இது பிள்ளையளின்ர கழுத்து,” என்றார் ரீச்சர்.

“கழுத்தும் பழகும்.”

“நீங்கள் சம்பளத்துக்குப் பழகினீங்கள் சேர். இதுகள் ஆறாம் வகுப்பு.”

சூசை ரீச்சரின் பக்கம் தலையாட்டினார். இரண்டுக்கு ஒன்று. ஆனால் கூட்டக் குறிப்பை எழுதியவர் நான். குறிப்பு எழுதுபவர் தோற்ற கூட்டத்தை என் சேவைக் காலத்தில் நான் கண்டதில்லை. ‘நீண்ட கலந்துரையாடலின் பின்னர் நேர்ப் பைண்டரே பொருத்தமானதெனக் காணப்பட்டது’ என்று எழுதினேன். யாரால் காணப்பட்டது என்று எழுத வேண்டிய அவசியம் இல்லாதபடி அமைந்தது நம் மொழியின் பெருமைகளில் ஒன்று.

இன்று என்னிடம் கேட்டால் சொல்வது இது: பிள்ளைகள் பாவிப்பதென்றால் வளைந்த வகை. தனியாக முற்றத்தில் நின்று பார்ப்பவருக்கு நேர் வகையும் பிழையில்லை. ஒரு கண்ணைப் பைண்டரிலும் மற்றக் கண்ணைத் திறந்தபடி வானத்திலும் வைத்துக்கொண்டு இரண்டு காட்சியையும் ஒன்றின் மேல் ஒன்று விழச் செய்யலாம், அந்த வசதி வளைந்ததில் கிடையாது. முப்பது மில்லிமீற்றர் வில்லையுள்ள மலிவுப் பைண்டர்கள் சிலவற்றில் வில்லைக்குப் பின்னால் ஒரு வளையத்தைப் போட்டு வெளிச்சத்தைப் பாதியாக்கியிருப்பார்கள். முன்பக்கம் வழியாகப் பார்த்து அதைச் சோதித்த பிறகே வாங்குங்கள்.

3. நகப்பூச்சு

பைண்டர் வந்தது. அதிகாரி வருவதற்கு முதல்நாள், வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, பொருத்தும் வேலையைத் தொடங்கினேன். ரீச்சர் உதவிக்கு நின்றார். சூசை கரப்பந்தாட்ட வலையைத் திருத்திக் கட்ட வந்திருந்தார்.

முறை இதுதான். பகலில் செய்ய வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், பைண்டரின் மூடி உட்பட எந்த மூடியையும் சூரியன் நிற்கும் திசையில் திறக்கக் கூடாது. தூரத்தில் நிற்கும் ஒரு அசையாத பொருளைப் பெரிய குழாயின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு குழாயை அசைக்காமல், பைண்டரைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒன்றை இளக்கி ஒன்றை இறுக்கி, அதே பொருளைக் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். தியோடலைட்டில் இதைவிடப் பத்து மடங்கு நுணுக்கமான வேலையை நான் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

“கோயில் கோபுரத்துச் சிலுவையைப் பிடிப்பமா சேர்? நல்லாத் தெரியுது,” என்றார் ரீச்சர்.

மறுத்தேன். கோயில் அரை மைல்தான். இரண்டு குழாய்களுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருப்பதால், கிட்ட உள்ள பொருளைப் பிடித்தால் கோணப் பிழை வரும் என்று விளக்கினேன். விளக்கம் கால் மணித்தியாலம் நீண்டது. நிலத்தில் முக்கோணமும் கீறிக் காட்டினேன். ஒரு சாண் அகலத்துக்கு அரை மைல் தூரத்தில் வரும் பிழை எவ்வளவு என்று கணக்குப் பார்க்க மட்டும் மறந்துவிட்டேன். பிறகு வீட்டில் பார்த்தேன். கண்ணுக்கே பிடிபடாத அளவு.

சிலுவைக்குப் பதிலாக நான் தெரிந்தெடுத்தது தெற்குக் கரையின் காற்றாலைகளை. மைதானத்திலிருந்து பார்த்தால் அவை வரிசையாகப் போய், தூரத்து முனையில் ஒன்றோடொன்று நெருங்கித் தெரியும். தூரம் போதும். உயரம் போதும். இறக்கை சுற்றினாலும் நடுக்குடம் அசையாது. முனைப் பக்கமாக ஒரு காற்றாலையின் குடத்தைப் பெரிய குழாயின் நடுவில் நிறுத்தினேன். பைண்டருக்குள் பார்த்தேன். நாலைந்து காற்றாலைகள் தலைகீழாகத் தெரிந்தன. குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றதை நோக்கித் திருகுகளைத் திருப்பினேன். கோடு அதன் குடத்தின் மேல் அச்சொட்டாக வந்து இருந்தது.

“எத்தனையாவது காத்தாடி, சேவையர் ஐயா?” என்று வலைக் கம்பத்தடியில் இருந்து சூசை கேட்டார்.

“எத்தனையாவதா இருந்தால் என்ன? எல்லாம் தூரத்திலதானே நிக்குது.”

அவர் வலையை இழுத்துக் கட்டினார்.

அடுத்து நான் செய்தது, கருவி அறையில் பழகிய ஒரு காரியம். சரிபார்த்த திருகை வேறு எவரும் தொடாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நிறப்பூச்சு வைப்போம். பூச்சு உடைந்திருந்தால் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். மனைவியின் சிவப்பு நகப்பூச்சுச் சிமிழைக் கொண்டுபோயிருந்தேன். திறந்தேன்.

“இரவைக்கு ஒரு நட்சத்திரத்தில பாத்திட்டுப் பூசுவமே சேர்?”

“ரீச்சர், சரிபார்த்ததைத் திரும்பச் சரிபார்க்கிறது எங்களை நாங்களே நம்பாத வேலை.”

மூன்று திருகுக்கும் மூன்று சொட்டு. நன்றாகக் காயும்வரை ஊதினேன். ஒரு பிழை இவ்வளவு சுத்தமாக முத்திரையிடப்பட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

4. ஏழு மணி

வெள்ளிக்கிழமை வானம் துப்புரவாக இருந்தது. நிலவு இல்லை. ஐம்பது அறுபது பிள்ளைகள், தாய்மார், அதிபர். உதவிப் பணிப்பாளர் வாகனத்தில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், களைத்த மனிதர். அது அன்றைக்கு அவர் பார்க்கும் ஐந்தாவது பாடசாலை. கையில் பக்கத்துக்குப் பக்கம் இலக்கமிட்ட பரிசோதனைப் புத்தகம்.

கிழக்கே சனி ஏறியிருந்தது. பைண்டரில் பிடித்தேன். குறுக்குக் கோட்டின் நடுவில் மஞ்சள் முத்தாக நின்றது. பெரிய குழாய்க்குள் நான் பார்க்கவே இல்லை. நேரே அதிகாரியை அழைத்தேன். இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நான் எழுதியதை அவர் அப்போதுதான் சொன்னார்.

“கண்ணைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கோ சேர்,” என்றேன்.

“பின்னுக்கும் இருட்டுத்தான்.”

நான் பார்த்தேன். இருட்டு. குவியத்தைத் திருகினேன். இருட்டு பெரிதாகியது. ஐபீஸை மாற்றினேன். கண்ணாடியில் பனி பிடித்திருக்கிறதா என்று ரோச் விளக்கை அடித்துப் பார்த்தேன். பைண்டரில் மறுபடியும் பார்த்தேன், சனி அங்கேயே குத்துக்கல்லாக நின்றது. பெரிய குழாயின் ஆடி விலகியிருக்கலாம் என்றேன். அனுப்பும்போது அடிபட்டிருக்கலாம் என்றேன். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தார். பின் வரிசையில் ஒரு தாய் பக்கத்தில் நின்றவரிடம், “வீட்டை போவமே, எங்கட வீட்டு வாசலில நிண்டாலும் இருட்டுத் தெரியும்,” என்றது எனக்குக் கேட்டது.

வாகனச் சாரதி ஹோர்ன் அடித்தார். அதிகாரி புத்தகத்தை மூடினார்.

“ஐயா, கவலைப்படாதேங்கோ. கருவி பழுது எண்டு போட்டிருக்கிறன். உங்களுக்கும் பிரச்சினை இல்லை, ரீச்சருக்கும் இல்லை. திங்கக்கிழமை லொறி வரும்.”

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருடத்தில் எங்கள் கந்தோரில் எந்த நில அளவையாளரும் பிழை விட்டதில்லை. பிழை விட்டவை கருவிகள். கோடு ஒருவரின் வளவுக்குள் போய்விட்டால் ‘கருவி சீரமைவு இழந்திருந்தது’ என்று ஒரு வரி எழுதிக் கருவியைக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே அதைத் துடைத்துவிட்டு, சீராக்கப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அடம்பன் பக்கம் வயல் வரம்பு ஒன்றில், பனை மரங்களில் பக்கத்து மரத்தைக் குறிபார்த்துவிட்டு நானும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன். கருவி கொழும்புக்குப் போய் வந்தது. நான் பதவி உயர்ந்தேன். ஆகவே அதிகாரி எனக்கு நீட்டிய கதவு எனக்குப் பழக்கமான கதவு. உள்ளே போயிருப்பேன்.

ரீச்சர் தொலைகாட்டியின் முன் மூடியை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.

சூசைதான் பேசினார். “சேவையர் ஐயா, நேற்று நான் கேட்டனான். எத்தனையாவது காத்தாடி?”

“ஏன் அதையே கேக்கிறீர்?”

“நாங்கள் கடலில வலையை விட்டிட்டு வரேக்கை கரையில குறி பாத்து வைக்கிறனாங்கள். கோபுரம், கோபுரத்துக்கு நேர ஒரு மரம். இந்தக் காத்தாடியள் வந்த நேரம் எங்கட பெடியள் சிலபேர் லேசு எண்டு அதைக் குறி வைச்சவங்கள். விடியப் போய் இன்னொருத்தன்ர வலையை இழுத்து அடி வாங்கினாங்கள். ஒரே மாதிரி இரண்டு நிக்கிற சாமானை நாங்கள் குறியா எடுக்கிறேல்லை. நீங்கள் பெரிய குழாயில ஒண்டைப் பாத்தியள். சின்னக் குழாயில பாத்ததும் அதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?”

எப்படித் தெரியும். முந்திய மாதம் கரும்பலகையின் முன்னால் ஒரு பிள்ளை ரீச்சரிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

குழாயைத் தெற்கே திருப்பினேன். காற்றாலைகளின் தலையில் சிவப்பு விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றைத் தவிர. வரிசையின் கடைசி விளக்குக்கு அப்பால் வெறும் இருட்டு, அதற்கு மட்டும் ஒரு பக்கத்தில் அயல் இல்லை. அந்தக் கடைசி விளக்கைப் பெரிய குழாயின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். பைண்டரில் பார்த்தேன். குறுக்குக் கோட்டில் விளக்கு இல்லை. விளக்கு தள்ளி, வட்டத்தின் ஒரு பக்கமாக மினுங்கியது.

வியாழக்கிழமை பெரிய குழாய் ஒரு காற்றாலையைப் பார்த்திருக்கிறது. பைண்டர் அதன் பக்கத்துக் காற்றாலையைப் பார்த்திருக்கிறது. மறுநாள் பகலில் போய் அந்த இரண்டையும் மறுபடி பிடித்து எண்ணிப் பார்த்தேன், பதினோராவதும் பன்னிரண்டாவதும்.

“சேர், ஒரு பத்து நிமிஷம் தாங்கோ,” என்றேன். நகப்பூச்சை உடைக்கப் பேனாக்கத்தி தேவைப்பட்டது. நல்ல பூச்சு. விளக்கைக் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்து, குழாயைச் சனிக்குத் திருப்பி, இந்த முறை நானே முதலில் பார்த்தேன். பிறகு ரீச்சரைக் கூப்பிட்டேன்.

அவர் வெகுநேரம் குனிந்தபடி நின்றார். நிமிர்ந்தபோது, “வட்டம் சரியாத்தான் கீறியிருக்கிறன்,” என்றார்.

அதிகாரியும் பார்த்தார். “சின்னனாத்தான் இருக்கு,” என்றார். ஆனால் இரண்டாம் முறையும் பார்த்தார். மூன்றாம் முறைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இடம் கொடுக்கவில்லை.

5. எந்தப் பழுதை எழுதுவது

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தவர்கள் அரச சேவையில் இருந்ததில்லை. புத்தகத்தில் ‘கருவி பழுது’ ஏறிவிட்டது. பக்கம் இலக்கமிட்டது, கிழிக்க முடியாது. வெட்டி எழுதினால் வெட்டியதற்கு விளக்கம் வேண்டும்.

“விளக்கம் ஒண்டு தாங்கோ ஐயா, ஒட்டிவிடுறன்,” என்றார் அதிகாரி. உண்மையிலேயே உதவ நினைத்தார். “பழுதா இருந்தது, இப்ப திருத்தியாச்சு எண்டு எழுதுங்கோவன்.”

“அப்பிடி எழுதினால், திருத்தின உபகரணத்தைத் தகுதியுள்ள தொழில்நுட்பவியலாளர் பரிசோதிக்கோணும் சேர். அவர் எங்க இருக்கிறார்?”

“களஞ்சியத்துக்குத்தான் வருவார்.”

“எப்ப?”

அதிகாரி யோசித்தார். “அந்தப் பதவி இப்ப வெற்றிடம்.”

“அப்ப அது சரிவராது.”

“பனி எண்டு எழுதுங்கோ. இயற்கை. ஒருத்தருக்கும் பாதிப்பில்லை.”

“காலநிலையால பாதிக்கப்படுற உபகரணம் எண்டால் குளிரூட்டின அறையில வைக்கோணும். அந்தச் சுற்றுநிருபம் உங்கட கந்தோர்தான் அனுப்பினது.”

“ஓம், அந்த அறை களஞ்சியத்தில இருக்கு.”

“உப்புக்காத்து எண்டாலும் அதுதான். அனுப்பேக்கை அடிபட்டது எண்டால் காப்புறுதி விசாரணை, முடியுமட்டும் கருவி உங்கட பொறுப்பில.”

“எல்லாத்தையும் தெரிஞ்சு வைச்சிருக்கிறியள்,” என்றார் அவர், சற்றுப் பயத்தோடு.

தெரிந்து வைத்திருந்தேன். அதுதான் துன்பம். ஒவ்வொரு சாக்கும் எந்த வாசலால் போய் எந்த அலுமாரியில் முடியும் என்று எனக்குத் தெரியும். மைதானத்தின் நடுவில், பிள்ளைகள் வரிசையாக நின்று சனியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அறிந்த அத்தனை விதிகளையும் மனதில் புரட்டினேன். தொலைகாட்டியைப் பாடசாலையிலேயே விட்டுவைக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கருவிக்கு ஒருபோதும் பழுது இருந்ததில்லை என்று சொல்லும் வாக்கியம். கருவிக்கு இல்லையென்றால் வேறு யாருக்கோ இருந்திருக்க வேண்டும்.

ரீச்சர் ஒரு தாளும், எழுத மேசையாக ஒரு கொப்பியும் தந்தார். சூசை ரோச்சைப் பிடித்தார்.

“நான் வேணுமெண்டால் அங்கால பாக்கிறன் ஐயா,” என்றார்.

“வேண்டாம், ஒழுங்காப் பிடியும். வெளிச்சம் ஆடுது.”

எழுதினேன்: ‘இத் தொலைகாட்டியில் எவ்விதப் பழுதும் இருக்கவில்லை. பைண்டரைப் பொருத்தும்போது குறியாக ஒரு காற்றாலையைத் தெரிவுசெய்து, பெரிய குழாயில் ஒன்றையும் பைண்டரில் அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். இரவில் சரிபார்க்கும்படி ஆசிரியை கூறியும் சரிபார்க்கவில்லை. எத்தனையாவது காற்றாலை என்று பெற்றோர் சங்கத் தலைவர் கேட்டும் எண்ணவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.’ பெயர், முன்னாள் பதவி, ஒப்பம், திகதி.

அதிகாரி ரோச் வெளிச்சத்தில் இரண்டு தரம் வாசித்தார்.

“இருபத்திரண்டு வருசம் சேவையில இருக்கிறன் ஐயா. இப்பிடி ஒரு கடிதம் என்ர கைக்கு வரேல்லை. இதை எந்தக் கோவையில போடுறது எண்டும் தெரியேல்லை.”

“புதுக் கோவை ஒண்டு திறவுங்கோ சேர்.”

“ஒண்டுதானே இருக்கும் அதுக்குள்ள.”

லொறி வரவில்லை. தொலைகாட்டி பாடசாலையில்தான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வெளியே வருகிறது.

இதிலிருந்து கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறியாக எடுக்கும் பொருளுக்கு அயலில் அதே முகத்தோடு இன்னொன்று நிற்கக் கூடாது. பகலில் பொருத்தியதை இரவில் ஒரு நட்சத்திரத்தில் கட்டாயம் சரிபாருங்கள், அதற்குப் பிறகுதான் இறுக்குங்கள். பிறரைப் பார்க்கக் கூப்பிட முன்னர் நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

என் சேவைக் காலத்தில் நான் கீறிய வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அறிக்கைகளும் அதே அளவு. அவை எங்கே கிடக்கின்றன என்று எவருக்கும் தெரியாது, எவரும் தேடவும் இல்லை. ஸ்ரெல்லா ரீச்சர் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைத் தொலைகாட்டிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். பைண்டரைத் தொட முன்னர் ஒரு பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது விதி. போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘பிழை முழுவதும் என்னுடையது’ வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்து, என் முன்னாள் பதவியையும் விடாமல் வாசித்தது. முப்பத்தாறு வருடத்தில் நான் எழுதியவற்றில் மக்கள் வாசிக்கும் ஒரே ஆவணம் அதுதான்.